அசையாமல் நிற்பவர்

ஷட்டரைத் திறந்தாயிற்று. இனி எட்டு நிமிஷத்துக்கு நிரோஷாவுக்குக் கைவேலை எதுவும் இல்லை. கேமராவைத் தொடக்கூடாது, ட்ரைபாட் பக்கத்தில் அழுத்தி நடக்கக்கூடாது, முடிந்தால் மூச்சைக்கூடக் கொஞ்சம் தள்ளி நின்று விட வேண்டும். லென்ஸுக்கு முன்னால் மாட்டியிருக்கும் கறுப்புக் கண்ணாடி, வெல்டிங் பட்டறையில் முகத்துக்குப் பிடிக்கிற கண்ணாடி மாதிரி, பகல் வெளிச்சத்தில் துளித்துளியாகத்தான் உள்ளே விடும். அதனால்தான் இவ்வளவு நேரம். இந்த நேரத்தில் மேகங்கள் நகர்ந்து நகர்ந்து வானத்தில் சாம்பல் கோடுகளாக இழுபடும், மரங்கள் புகையாகும், குறுக்கே யார் நடந்து போனாலும் படத்தில் விழமாட்டார்கள். நடப்பவர்கள் படத்தில் விழமாட்டார்கள் என்று முதல்முறை தெரிந்துகொண்டபோது அவள் அதே படத்தைத் திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்தாள். போன மாதம் ரயில்வே மேம்பாலத்தை எடுத்தபோது ஜனம் திபுதிபுவென்று போய்க்கொண்டேதான் இருந்தது, படத்தில் பார்த்தால் வெறும் பாலம், ஊரே ஒரு ராத்திரியில் காலிசெய்துகொண்டு போய்விட்ட மாதிரி. படிக்கட்டோரம் கையேந்தி உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் மட்டும் முக்காட்டின் மடிப்பு உட்பட அப்படியே இருந்தாள். அத்தனை பேரில் ஒருத்தரும் அந்த அம்மாளைப் பார்க்கவில்லை, கேமரா அவளை மட்டும்தான் பார்த்திருக்கிறது. அசையாமல் இருப்பவர்கள் மட்டும்தான் மிஞ்சுவார்கள். அந்தப் படத்தை அவள் பெங்களூர்க் கண்காட்சிக்கு அனுப்பவில்லை. மனித உருவம் இருக்கக்கூடாது, கட்டடம் மட்டும்தான், கறுப்பு வெள்ளை மட்டும்தான் என்று பெங்களூர்க்காரர்கள் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள்.

கல்லூரியின் பழைய கட்டடம் எதிரே நின்றுகொண்டிருந்தது. பூசாமல் விட்ட கான்கிரீட். அந்தக் காலத்தில் வார்த்தபோது முட்டுக்கொடுத்த பலகைகளின் மரவரி இன்னும் சுவரில் பதிந்திருந்தது, ஏதோ ஒரு காடு தன் கைநாட்டை வைத்துவிட்டுப் போன மாதிரி. வெயிலைத் தடுக்க முகப்பு முழுக்க நெட்டுக்குத்தாக சிமெண்ட் தகடுகள், நடுவில் தகடு இல்லாத இடங்களில் மாடிக்கு மாடி திறந்த நடைபாதை, நடைபாதையில் வரிசையாக உருண்டைத் தூண்கள். இதை எடுத்து, ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து, சுவர் சுவராகப் பிரித்து, ஒன்றை இருட்டி ஒன்றை வெளுத்து, வானத்தைக் கரியாக்கினால், பூமியில் கால் வைக்காத ஏதோ ஒன்றைப் போல இது எழுந்து நிற்கும். திங்கட்கிழமை இடிக்கத் தொடங்குகிறார்கள். விரிசல் விட்டுவிட்டதாம். அனுப்ப வேண்டிய ஐந்தில் நான்கு படங்கள் தயார், இதுதான் கடைசி, இன்று விட்டால் இல்லை, வெளிச்சமும் கொஞ்சம்தான் மிச்சம். வாட்ச்மேன் ஏகாம்பரம் கேட்டைத் திறந்துவிடும்போதே சிரித்தார். "இன்னாமா, இத்தப் போயி எடுக்க வந்துகிற? சாவு வூடு மாரி கீது. பீச்சாண்ட போனா அலை வருது, குதிர வருது." குதிரை அசையுமே அண்ணே, என்றாள். "அசையாதத எடுக்கிறதுக்கு கேமரா எதுக்குமா? பென்சில்ல வரைஞ்சுனு போயேன்." தனக்கே அந்த நகைச்சுவை பிடித்துப்போய் இரண்டுமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "மேல மட்டும் ஏறாத. காலைலயே நான் எல்லா மாடியும் பாத்துட்டேன், பொறாவத் தவுர ஒரு ஜீவன் கெடையாது. நான் ஒரு டீ அட்ச்சுட்டு வந்துர்றேன்" என்று போனார். கறுப்புக் கண்ணாடியை மாட்டுவதற்கு முன்னால் அவளும் பார்த்தாள். அதை மாட்டிவிட்டால் கேமரா வழியாக எதுவும் தெரியாது என்பதால் முன்னாடியே மூலைமூலையாகச் சரிபார்த்துக்கொள்வது வழக்கம். தகடு, நடைபாதை, தூண், நிழல், புறா. யாரும் இல்லை. ஷட்டரைத் திறந்து, போனில் கடிகாரத்தை ஓடவிட்டு, வெறும் கண்ணால் நிமிர்ந்து பார்த்தபோதுதான், மூன்றாவது மாடியில், கோடித் தூணுக்கு முந்தின தூணருகே, ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

கறையாக இருக்கும் என்று முதலில் நினைத்தாள். மழைநீர் வழிந்த கறை ஆள் உயரத்துக்கு இருப்பது ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் கண்ணாடி மாட்டுமுன் பார்த்தபோது இல்லாத கறை இப்போது எப்படி வரும், சரி, சிமெண்ட் மூட்டை, மூட்டைக்குத் தலை ஏது, சரி, ஆள்தான், இடிக்க வருகிறவர்கள் யாராவது அளவெடுக்க வந்திருப்பார்கள், அளவெடுக்கிறவர் கையை ஆட்டுவார், குனிவார், பீடி பற்றவைப்பார், கொஞ்ச நேரத்தில் போய்விடுவார், போனால் படத்தில் இருந்ததே தெரியாது. நகருங்கள், என்று அவள் மனதுக்குள் சொன்னாள். சார், நகருங்கள். ஒரு நிமிஷம் நின்றால் பரவாயில்லை, லேசான புகைபோல விழுவீர்கள், அதை எடுத்துவிடலாம். எடுப்பதுதானே அவள் தொழில். வடபழனி ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் செய்யும் வேலையில் பாதி அதுதான். முதலாளி குணா அண்ணன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டு, "மாலை மாத்துற ஸீன்ல பின்னாடி வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிறாரு பாரு, அந்தப் பெருசத் தூக்கிடு" என்பார். தூக்கிவிடுவாள். அவர் நின்ற இடத்தில் பந்தல் துணியின் மடிப்பை இழுத்து நிரப்பினால் போதும். எத்தனை பெரியப்பாக்கள், எத்தனை சமையல்காரர்கள், பந்திக்குக் கூப்பிடுவார்களா என்று ஓரமாக நின்ற எத்தனை சொந்தங்கள். அவர்கள் எல்லோருமே ஒரே மாதிரிதான் நிற்பார்கள், தங்களுக்கு அங்கே இடம் இருக்கிறதா என்று தெரியாதவர்கள் நிற்கிற மாதிரி. இவரும் அப்படித்தான். வலது தோள் தூணில் சாய்ந்திருக்கிறது. இடது பாதம் வலது பாதத்தின்மேல் ஏறியிருக்கிறது. அவ்வளவு தூரத்தில் பாதம் எப்படித் தெரிகிறது என்று நினைத்தாள். தெரியவில்லைதான். ஆனால் அந்தத் தோள் அப்படிச் சாய்ந்தால் அந்தப் பாதம் இப்படித்தான் ஏறியிருக்கும். அது அவளுக்குத் தெரியும்.

அது தணிகாசலம் நிற்கிற மாதிரி. அண்ணன் சோளிங்கரில் இருக்கிறான், வீட்டில், இந்நேரத்துக்கு மொபைல் கடையிலிருந்து வந்து லுங்கி மாற்றியிருப்பான், அதனால் அது அண்ணன் இல்லை. எத்தனையோ பேர் தூணில் சாய்கிறார்கள். அவள் இந்தக் கட்டடத்தைத் தேர்ந்தெடுத்தது இந்தத் தகடுகளுக்காக, இந்த மரவரிக்காக, அண்ணன் இதே கல்லூரியில் மூன்றாம் வருஷம்வரை படித்தான் என்பதற்காக இல்லை. அப்படித்தான் விண்ணப்பத்தில் எழுதினாள், எழுதியது பொய் இல்லை, முழுசும் இல்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் மத்தியானம் ட்ரங்குப் பெட்டியோடு ஊருக்கு வந்து இறங்கினான். பரீட்சைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. ஷூ கம்பெனி வேன் வந்து அம்மா இறங்கியதும், "லீவா தணிகா?" என்றாள். "ம்" என்றான். அந்த ம் இன்னும் முடியவில்லை. அப்பா ஷேர் ஆட்டோவை நிறுத்திவிட்டு உள்ளே வந்து பெட்டியைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், கைகால் கழுவப் போய்விட்டார். யாரும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லமாட்டானே என்று இல்லை, கேட்டால் சொல்லிவிடுவானோ என்றுதான். சாயங்காலமானால் வீட்டுக்குப் பின்னால் சார்த்தியிருக்கும் இரும்பு ஏணியில் டங் டங்கென்று ஏறி மொட்டைமாடிக்குப் போவான், தண்ணீர்த் தொட்டியில் தோளைச் சாய்த்து, பாதத்தின்மேல் பாதத்தை வைத்து, விளிம்பைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அம்மா கீழே பாத்திரம் தேய்த்துக்கொண்டே காதை மேலே வைத்திருப்பாள். திரும்ப டங் டங்கென்று இறங்கும் சத்தம் கேட்டால்தான் அரிசி களைவாள். அந்த வீட்டில் எல்லோரும் அந்தச் சத்தத்துக்காகத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை. அவளுக்குக் காலேஜ் சீட் கிடைத்தபோது முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு விசாரிக்க வி.ஏ.ஓ. வீட்டுக்கே வந்தார். "மூத்தவனுக்கு நான்தானே குடுத்தேன், முடிச்சுட்டானா?" என்றார். அப்பா, "இல்லீங்க சார், பாதியிலயே வந்துட்டான்" என்றார். "அப்ப இன்னும் இந்த வீட்ல டிகிரி யாரும் இல்ல. இவதான் முதல் பட்டதாரி. நல்லதாப் போச்சு." அவர் கெட்ட மனுஷர் இல்லை, அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு மனசாரத்தான் சொன்னார். அண்ணன் கதவுநிலையில் தோளைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தான். அவனும் சிரித்தான். நல்லதாப் போச்சு. ஒவ்வொரு செமஸ்டருக்கும் கட்டணம் குறைந்தபோது நல்லதாப் போச்சு. பட்டமளிப்பு அங்கியை மாட்டிக்கொண்டபோது நல்லதாப் போச்சு. அவன் விழுந்ததால்தான் அவள் ஏறினாள் என்று யாரும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை, அங்கியின் கழுத்துப் பட்டை மட்டும் நாள் முழுக்க உறுத்திக்கொண்டே இருந்தது.

அவர் இன்னும் அசையவில்லை. போனில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன, பாதிக்கு மேல் ஓடிவிட்டன. மேகம் நகர்ந்து கட்டடத்தின் நெற்றியில் வெளிச்சம் விழுந்து, இறங்கி, மாடிமாடியாகப் பார்த்துக்கொண்டே போனது, அவள் இத்தனை நாளும் காத்திருந்த வெளிச்சம். அந்த நடைபாதையில் கைப்பிடிச் சுவர் முழங்காலுக்கு மேல் இருக்காது; அந்தக் காலத்துக் கட்டடம், வடிவம் கெடக்கூடாது என்று தாழ்வாக வைத்திருக்கிறார்கள். முழங்கால் உயரம். அதை இப்போதுதான் நினைத்தாள். ஒருவர் வேலையில்லாமல், ஆளில்லாத கட்டடத்தில், முழங்கால் உயரச் சுவருக்கு முன்னால் அசையாமல் எதற்கு நிற்கிறார்? கத்திக் கூப்பிடலாம். கூப்பிட்டால் திடுக்கிட்டுவிட்டால்? அதனால்தான் கூப்பிடவில்லையா, இல்லை, கூப்பிட்டால் அவர் திரும்புவார், திரும்பினால் முகம் தெரியும் என்பதாலா? இன்னும் கொஞ்ச நேரம்தான், மூடிவிட்டுப் போய்ப் பார்க்கலாம், என்று ஒரு குரல் மிகவும் நியாயமாகச் சொன்னது. அது ஏதோ கேட்ட குரலாக இருந்தது. ஐந்து வருஷமாக அந்த வீட்டில் பேசிக்கொண்டிருந்த குரல். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், பார்க்கலாம். நிரோஷா போனைக் கீழே புல்லில் போட்டுவிட்டு ஓடினாள்.

ட்ரைபாடைத் தாண்டி, கேமரா பார்த்துக்கொண்டிருக்கும் வெளிக்குள்ளேயே ஓடினாள். படம் போயிற்று என்று ஒரு கணம் தோன்றியது. இல்லை, ஓடுகிறவள் விழமாட்டாள், நான் இந்தப் படத்தில் இல்லவே இல்லை என்று அடுத்த கணம் தோன்றியது, அது இன்னும் மோசமாக இருந்தது. படிக்கட்டுக்குக் குறுக்கே கட்டியிருந்த கயிற்றைக் குனிந்து தாண்டினாள். உள்ளே வெளவால் நாற்றம், புறா எச்சம், காலடிச் சத்தம் ஒன்றுக்கு மூன்றாகத் திரும்பி வந்தது. தன்னோடு வேறு யாரோ ஏறுகிற மாதிரி, நின்றால் அதுவும் நின்றது. முதல் மாடி, இரண்டாவது மாடி, சுவரில் யாரோ எப்போதோ எழுதிய சூத்திரம், ஒரு அம்புக்குறி, ஆண்கள் கழிப்பறை. மூன்றாவது மாடி. நீளமான நடைபாதை. தூண், தூண், தூண். யாரும் இல்லை. இருப்பது இவள் ஏறி வந்த படி ஒன்றுதான், வேறு வழி இல்லை. நடந்து போய் அந்தத் தூணைத் தொட்டாள். மற்ற தூண்கள் சில்லென்று இருந்தன. இதில் ஓரிடம், தோள் உயரத்தில், கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் பட்டிருக்கும், என்று சொல்லிக்கொண்டாள். வெயில் படுவது மறுபக்கம். சுவருக்கு அப்பால் எட்டிப் பார்த்தாள். கீழே தரை, காரை பெயர்ந்த ஒரு சதுரம், நேர் கீழே, கையால் எடுத்துவிடலாம் போல அவ்வளவு கிட்டத்தில். தூரமே இல்லாத மாதிரி இருந்தது, அதுதான் பயமாக இருந்தது. அண்ணன் படித்த நாட்களில் இங்கே நின்றால் எல்லோரும் கீழே போய்க்கொண்டே இருப்பார்கள், பையை மாட்டிக்கொண்டு, இங்கிலீஷில் சிரித்துக்கொண்டு, லேபுக்கும் கேன்டீனுக்கும், ஒருத்தர்கூட நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள். ஒரு சாயங்காலம் இல்லை, எத்தனையோ சாயங்காலம். புல்வெளியில் கேமரா சின்னதாக, கறுப்பு ஒற்றைக் கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தான். பிறகுதான் கையில் டீ கிளாஸ் தெரிந்தது.

"ஏம்மா! மேல ஏறாதன்னு தலைல அட்ச்சுக்கினேனே, காது கீதா இல்லியா?" ஏகாம்பரம் கீழிருந்து கத்தினார். எப்படி இறங்கினாள் என்று தெரியவில்லை. யாரோ நின்றார்கள் அண்ணே, தூண் பக்கத்தில், அதனால்தான் ஓடினேன், என்றாள். அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "யாரோ இல்ல, நீதான். நான் டீக்கடைலர்ந்து ரோட்டத் தாண்டும்போதே பாத்தேனே, தூணாண்ட சாஞ்சுக்கினு ஜம்முனு நின்னுனு இருந்த. இன்னாடா இந்தப் பொண்ணு, ஷோக்கா காத்து வாங்குதுன்னு நெனச்சேன்." நான் சாயவில்லை அண்ணே. "சாஞ்சுதான் இருந்த, போ." டீக்கடை கேட்டுக்கு வெளியே, ரோட்டுக்கு அந்தப் பக்கம். அங்கிருந்து இவ்வளவு தூரம் டீயைச் சிந்தாமல் நடந்து வர எவ்வளவு நேரம் ஆகும், தான் மேலே நின்றது எவ்வளவு நேரம் என்று அவள் கணக்குப் போடத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டாள். சில கணக்குகளை முடிக்காமல் விடுவது நல்லது. அவர் முணுமுணுத்துக்கொண்டே பின்பக்கக் கேட்டைப் பூட்டப் போனார். அவள் புல்லில் கிடந்த போனை எடுத்தாள், நேரம் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது, ஷட்டரை மூடினாள். படம் உடனே வராது. இத்தனை நீளத்துக்குத் திறந்து வைத்தால் கேமரா அதன்பின் அதே அளவு நேரம் கண்ணை மூடிக்கொண்டு இருட்டை ஒரு படம் எடுக்கும். வெளிச்சத்தில் பார்த்ததில் எதெல்லாம் தன்னுடைய கோளாறு என்று இருட்டில் பார்த்துக் கழித்துவிட்டுத்தான் காட்டும். திரை கறுப்பாக இருந்தது. ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் எரிந்தது. எவ்வளவு நேரம் பார்த்ததோ அவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும். கழித்துவிடும், என்று நினைத்தாள். கோளாறாக இருந்தால் கழித்துவிடும். கை தானாகவே போனில் அண்ணனின் பெயரைத் தேடிக்கொண்டிருந்தது. அவனுக்கு அவள் போன் செய்வதில்லை. அம்மா வழியாகத்தான் எல்லாம், அண்ணன் சாப்டானா, அண்ணன் கேட்டான். அந்தப் பெயரை வெகுநேரம் பார்த்திருந்துவிட்டுத்தான் அழுத்தினாள்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தான். பின்னால் சீரியல் ஓடும் சத்தம், அம்மாவின் இருமல். வீட்டில்தான் இருக்கிறான். அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. "என்னா பாப்பா, பைசா வேணுமா?" என்றான். வேண்டாம். "அப்ப யார் கூடனா சண்டையா?" இல்லண்ணா. நான் உன் காலேஜ்ல இருக்கேன், போட்டோ எடுக்க வந்தேன், திங்கக்கிழமை இடிக்கிறாங்களாம். சீரியல் சத்தம் தேய்ந்தது. டங், என்று ஒரு சத்தம், டங், டங். இரும்பு ஏணி. ஏறுகிறான். பிறகு காற்று. தொட்டிப் பக்கத்தில் போய்ச் சாய்ந்திருப்பான், பாதத்தின்மேல் பாதம். இந்தப் பக்கம் இருட்டுத் திரை, அந்தப் பக்கம் காற்று, நடுவில் அவள். இப்போது ஏதாவது சாதாரணமாகப் பேசி வைத்துவிடலாம். அம்மா என்ன சமைத்தாள் என்று கேட்கலாம். அப்போதுதான் சிவப்புப் புள்ளி அணைந்து திரையில் வெளிச்சம் வந்தது.

நல்ல படம். அவள் எடுத்ததிலேயே நல்ல படம். வானம் கீறிய பலகைபோல் இழுபட்டிருந்தது, தகடுகள் ஒவ்வொன்றும் கத்தியின் முனையாக நின்றன, ஓடிய நிரோஷா எங்கும் இல்லை, மேலே நின்ற நிரோஷா இல்லை, டீ கிளாஸோடு வந்த ஏகாம்பரம் இல்லை. மூன்றாவது மாடியில், கோடித் தூணுக்கு முந்தின தூணில் தோளைச் சாய்த்து, ஒருவன் இருந்தான். புகையாக இல்லை, நிழலாக இல்லை. முழு நேரமும் கொஞ்சமும் அசையாமல் நின்றவனுக்கு மட்டுமே வருகிற அழுத்தமான கறுப்பு, சட்டையின் கை மடிப்புவரை. மெலிந்தவன். இருபது வயதிருக்கும். இப்போது சோளிங்கரில் தொட்டியோரம் நிற்பவனுக்குத் தொப்பை விழுந்துவிட்டது.

தூக்கிவிடலாம். தூணின் சாம்பலை இழுத்து நிரப்பினால் போதும், ஐந்து நிமிஷ வேலை, பெங்களூர்க்காரர்களுக்குத் தெரியவே தெரியாது. அவள் வாயைத் திறந்தாள். "அண்ணா. மூணாவது மாடி. கடைசித் தூணுக்கு முன்னாடி இருக்குதே, அந்தத் தூணு..." என்றாள். அதற்குமேல் கேட்கத் தெரியவில்லை. கேட்டதே அவ்வளவுதான், ஐந்து வருஷத்தில். காற்று இரைந்தது. அவன் எதற்கு என்று கேட்கவில்லை, என்ன தூண் என்று கேட்கவில்லை. யாரோ தெரிந்தவரைப் பற்றி விசாரிப்பது போல, மெல்லக் கேட்டான்.

"இன்னும் அங்கயேதான் நிக்கிறனா?"

நிரோஷா திரையைப் பார்த்தாள். கட்டடத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. "நிக்கிற" என்றாள். "நான் கீழதான் இருக்கேன். திங்கக்கிழமை இடிச்சுடுவாங்கண்ணா. எறங்கி வந்துடு."

அந்தப் பக்கம் ஒரு காலடி. இன்னொரு காலடி. இரும்பு டங்கென்று கேட்கும் என்று அவள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். இரும்பு கேட்கவில்லை. கேட்டது சிமெண்ட் படி. ஒரு காலடி மூன்றாகத் திரும்பி வருகிற, உயரமான, வெற்றுப் படிக்கட்டு. திருப்பம் வந்த இடத்தில் கொஞ்சம் தயங்கி, மறுபடி இறங்கியது. "மெதுவா வாண்ணா, இருட்டாயிருக்கும்" என்றாள். மேலே பார்க்கவேண்டும்போல் இருந்தது, பார்க்கவில்லை. கடைசி வெளிச்சம் இன்னும் தகடுகளில் ஒட்டிக்கொண்டிருந்தது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, மற்றக் கையால் தடவி, ஷட்டரை மறுபடி திறந்தாள். இறங்குகிற சத்தம் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. நடப்பவர்கள் படத்தில் விழமாட்டார்கள்.